முப்பத்தேழாம் பக்கத்து முத்திரை

2007 ஏப்ரல் மூன்றாவது வாரத்தில், முதலிபாளையத்துக்கு அப்பால் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரிக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு லாரி நிறையப் புத்தகங்கள் வந்து இறங்கின. இரண்டாயிரத்து நானூறு பிரதிகள். அனுப்பியது கோவையின் பெரிய புத்தகக் கடைகளில் ஒன்று. எட்டு நாள் கழித்து அங்கீகாரக் குழு வருவதாக இருந்தது. குழு போன பிறகு புத்தகங்களும் வந்த வழியே போய்விடும்.

இந்த ஏற்பாட்டுக்கு 'அப்ரூவல்' என்று பெயர். புத்தக வியாபாரத்தில் அதற்கு நேர்மையான பொருள் ஒன்று உண்டு. கடைக்காரர் புதிய புத்தகங்களை நூலகத்துக்கு அனுப்பிவைப்பார். ஆசிரியர்கள் புரட்டிப் பார்த்து வேண்டியவற்றை எடுத்துக்கொள்வார்கள். மற்றவை முப்பது நாளுக்குள் திரும்பிப் போகும். இந்தக் கல்லூரியில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. குழு வந்து அலமாரிகளை எண்ணிவிட்டுப் போகும். கடை செய்யும் இந்த உதவிக்குக் கைம்மாறாக, மாணவர்களுக்கான பாடநூல், நோட்டு, வரைபடத் தாள் எல்லாவற்றையும் வருடம் முழுவதும் அந்தக் கடையிலேயே வாங்க வேண்டும் என்பது பேச்சு. எழுத்தில் எதுவும் கிடையாது.

நூலகர் சாரதாமணி கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். நாற்பத்து மூன்று வயது. நூலக அறிவியலில் முதுகலை படித்தவர். ஆறு வருடத்தில் நான்கு முறை இப்படி லாரி வந்து போயிருந்தது. ஒவ்வொரு முறையும் எல்லாப் புத்தகங்களையும் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதி, வரிசை எண் கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். பதிவேட்டின்படி நூலகத்தில் பதினோராயிரம் புத்தகங்கள். அலமாரியில் நாலாயிரத்துச் சொச்சம். மீதியைத் தேடி யாராவது வந்தால் அவர் கையெழுத்தைத்தான் காட்டுவார்கள்.

தேடி வந்தும் இருந்தார்கள். போன முறை குழு வந்த அன்று ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி கட்டுமானப் பொறியியல் புத்தகம் ஒன்றை எடுத்து நின்றபடியே அரை மணி நேரம் படித்தாள். மறுவாரம் வந்து அதே புத்தகத்தைக் கேட்டாள். "யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க கண்ணு" என்றார் சாரதாமணி. அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். பிறகு வரவில்லை.

சாரதாமணிக்கு உதவியாக நாகஜோதி இருந்தாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். முப்பத்தைந்து வயது. கல்லூரியின் தாளாளர் நாச்சிமுத்துவுக்கு வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி உண்டு. அங்கே ரைசிங் யூனிட்டில் ஐந்து வருடம் இருந்தாள். குளிர் நாடுகளுக்குப் போகும் துணியைக் கம்பி முள் பதித்த உருளைகளில் ஓட்டிப் பொசுபொசுவென்று ஆக்கும் இடம் அது. அங்கே பஞ்சு பறக்காத நொடி கிடையாது. மூன்றாவது வருடம் இருமல் வந்தது, ஐந்தாவது வருடம் மாடிப்படி ஏற முடியவில்லை. பஞ்சு இருக்கும் இடத்தில் இனி நிற்கக் கூடாது, நின்றால் நுரையீரல் மிஞ்சாது என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி மேனேஜர் இரக்கப்பட்டு அவளைக் கல்லூரிக்கு மாற்றிவிட்டார். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது படி ஏறினாள்.

"இந்த ஊர்ல பஞ்சு இல்லாத வேலைன்னா கோயில் பூசாரி வேலை ஒண்ணுதான் மேடம்" என்பாள். "அதுக்கு என்னைய எடுக்க மாட்டாக. அதனால இதைய விட்டா எனக்கு வேற இல்ல."

அப்ரூவல் புத்தகங்களில் கல்லூரி முத்திரை குத்தக் கூடாது. குத்தினால் கடை திரும்ப எடுக்காது. அதனால் முத்திரை குத்திய ஒரு சிறு சீட்டைத் தலைப்புப் பக்கத்தில் லேசாகப் பசை தொட்டு ஒட்டுவார்கள். குழு போன பிறகு சீட்டை உரித்துவிடலாம்.

கல்லூரி சொந்தமாக வாங்கும் புத்தகத்துக்கு முறை வேறு. தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை. உள்ளே ரகசியப் பக்கத்தில் இன்னொன்று. எல்லா நூலகங்களும் இப்படி ஒரு பக்க எண்ணை முடிவு செய்து வைத்திருக்கும். திருடுகிறவன் தலைப்புப் பக்கத்தைக் கிழித்தாலும் உள்ளே இருக்கும் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். இந்த நூலகத்தின் ரகசியப் பக்கம் முப்பத்தேழு.

லாரி வந்த மறுநாள் காலை இருவரும் சீட்டு ஒட்ட உட்கார்ந்தார்கள்.

"மேடம், இம்புட்டுப் புஸ்தகத்தையும் ஒரு ஆளு படிச்சு முடிக்க எம்புட்டு நாள் ஆகும்?"

"சாகற வரைக்கும் ஆகும்."

"அப்பப் படிக்காம இருந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுங்க."

சாரதாமணி சிரிக்கவில்லை. கையில் இருந்த கட்டுமானப் பொறியியல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாணவி கேட்டு வந்தது அதுதான். ஐந்து பிரதிகள் வந்திருந்தன.

"நாகஜோதி, முப்பத்தேழுலயும் போட்டுரு."

"எதுல மேடம்?"

"எல்லாத்துலயும்."

நாகஜோதி பசைக் குச்சியைக் கீழே வைத்தாள். "திரும்பிப் போற புஸ்தகத்துல குத்தக் கூடாதுன்னு நீங்கதான படிச்சுப் படிச்சுச் சொன்னீக?"

"இப்பப் போடச் சொல்றேன்."

"அப்ப அவுக எடுத்துட்டுப் போக மாட்டாகளே."

"மாட்டாங்க."

நாகஜோதிக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மொதலாளி குதிப்பாரு மேடம்."

"ரெண்டு நாளைக்குக் குதிப்பாரு. அப்புறம் பில்லைப் பாஸ் பண்ணுவாரு. ஏத்துமதியாகற ஒரு கண்டெய்னர் சரக்குக்கு முன்னால இதெல்லாம் அவருக்கு ஒரு தொகையே இல்ல. நான் பாத்துக்கறேன்."

சாரதாமணி உண்மையில் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார். அந்த ஏப்ரலில் டாலர் நாற்பத்து நான்கிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்ததும், அதனால் ஏற்றுமதி லாபம் சுருங்கிக் கம்பெனிகளில் ஷிப்டு குறைந்ததும் அவர் தினமும் பேப்பரில் படித்த செய்திகள்தான். அவற்றை இதோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

நாகஜோதி வேலையைக் கம்பெனி வேகத்தில் செய்தாள். இடது கை பக்கத்தை விரிக்கும், வலது கை குத்தும். நான்கு நாளில் இரண்டாயிரத்து நானூறும் முடிந்தது. கடைசிப் புத்தகத்தை மூடிவிட்டு, "ரைசிங்ல இருந்திருந்தா இதுக்குள்ள ரெண்டு தடவ படுத்திருப்பேன்" என்றாள்.

குழு வந்தது. மூன்று பேர். நூலகத்தில் இருபது நிமிடம் இருந்தார்கள். ஒருவர் ஒரு புத்தகத்தை எடுத்துத் தலைப்புப் பக்கத்துச் சீட்டைப் பார்த்துவிட்டு வைத்தார். இன்னொருவர் ஏசி இல்லையா என்று கேட்டார். மதியம் மட்டன் பிரியாணி. குழு நான்கு மணிக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துக் கடையின் விற்பனைப் பிரதிநிதி ஜெபக்குமார் லாரியோடு வந்தார். நாசரேத்துக்காரர். கல்லூரி கல்லூரியாகச் சுற்றி வெயிலில் கறுத்தவர். சுமையாட்கள் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கும்போதே சாரதாமணி அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு புத்தகத்தின் முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"இது எப்படி மேடம்?"

"முத்திரை விழுந்துருச்சுங்க."

"ஒண்ணுலயா?"

"எல்லாத்துலயும்."

ஜெபக்குமார் அடுத்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதற்கடுத்த பெட்டியிலிருந்து இன்னொன்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரு பாத்த வேலை மேடம் இது?"

நாகஜோதி ஐந்தடி தள்ளி அலமாரி ஓரத்தில் நின்றிருந்தாள்.

"ஆளுங்க தெரியாமப் போட்டுட்டாங்க" என்றார் சாரதாமணி.

அந்தப் பதிலை அவர் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் அது தயாராக இருந்தது. நாகஜோதி அவரைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த துணியால் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"முத்திரை இருந்தா நீங்க எடுக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்று சாரதாமணி தொடர்ந்தார். "உங்க கடை மொதலாளிகிட்டச் சொல்லி மொத்தத்துக்கும் பில் போடச் சொல்லுங்க. நாங்களே வெச்சுக்கறோம்."

ஜெபக்குமார் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். இவ்வளவு வருடப் பழக்கத்தில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். இது விக்கிற செட்டே கிடையாது. இன்ஸ்பெக்சன் செட்டு. அஞ்சு வருசமா நாலு காலேஜுக்கும் இதத்தான் சுத்த விடுதோம். ஒங்ககிட்ட இருந்து நேரா ஈரோட்டுக்குப் போவணும், திங்கக்கெழமை அங்க குழு வருது. அங்க ஒரு ஆபீசர் முப்பத்தேழாம் பக்கத்தத் திறந்து ஒங்க காலேஜ் பேரைப் பாத்தாம்னா, நாலு காலேஜும் எங்க கடையும் ஒண்ணாப் போவும்."

சாரதாமணி அட்டைகளைப் பார்த்தார். முதுகில் மடிப்பு விழுந்திருந்தது. ஒட்டி உரித்த பசைத் தழும்பு தலைப்புப் பக்கங்களில் இருந்தது. கடையில் புரண்ட புத்தகம், அப்படித்தான் இருக்கும் என்று இதுவரை எண்ணியிருந்தார்.

ஜெபக்குமார் கடைக்குப் போன் செய்தார். கடையிலிருந்து அதன் முதலாளி, கல்லூரித் தாளாளர் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் நாச்சிமுத்துவின் கார் நூலக வாசலில் வந்து நின்றது. திறப்பு விழாவுக்குப் பிறகு அவர் அந்தக் கட்டடத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை.

அறுபது வயது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு புத்தகத்தை எடுத்து முப்பத்தேழாம் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி மை ஊறியிருக்கிறதா என்று பார்த்தார். தையலைச் சோதிப்பவர்போல் அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் கட்டை விரலை ஓட்டினார்.

"இந்த ஒரு எடத்துல மட்டுந்தானுங்களா?"

"ஆமாங்க ஐயா" என்றார் சாரதாமணி.

"அப்பறம் என்னத்துக்குங்க இத்தன கலவரம்? லேபிள வெட்டிருங்க."

அங்கிருந்தவர்களில் அதை உடனே புரிந்துகொண்டவள் நாகஜோதி மட்டும்தான். வெளிநாட்டுக்காரன் கழித்துவிட்ட சரக்கை உள்ளூரில் விற்கும்போது அவன் பெயர் எங்கும் தெரியக் கூடாது. பனியனின் கழுத்துப் பட்டியில் இருக்கும் லேபிளைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெட்டி எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அது யாருடைய சரக்கும் இல்லை.

"ஐயா, ஒரு தாளை எடுத்தா முப்பத்தெட்டும் சேந்து போயிருங்க" என்றார் சாரதாமணி.

"போகட்டுமுங்க அம்மிணி. ஆறு வருசமா நம்ம புள்ளைக மொத்தப் புஸ்தகமும் இல்லாமத்தானே பாஸ் பண்றாங்க?"

அது கேலியா உண்மையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. ஜெபக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். கடைக்கு இதில் ஆட்சேபணை இல்லை. எந்தக் குழுவும் பக்கம் எண்ணப் போவதில்லை.

மறுநாள் காலை கம்பெனி வேனில் பன்னிரண்டு பெண்கள் நூல் வெட்டும் டிரிம்மர்களோடு வந்தார்கள். டிரிம்மர் தாளுக்குச் சரிப்படவில்லை. அலுவலகத்திலிருந்து பிளேடும் கோடு போடும் அடிக்குச்சியும் வந்தன. எந்தப் பக்கம் என்று காட்டிக் கொடுக்க நாகஜோதி நிறுத்தப்பட்டாள். அவள் விரித்து வைத்தாள். அவர்கள் அடிக்குச்சியை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார்கள். தாள் சத்தமில்லாமல் வந்தது. நாகஜோதியின் பழைய கூட்டாளிகள் ஆனதால் வேலையோடு வேலையாகப் பேச்சு.

"ஏட்டி நாகு, ஏசியில உக்காந்து சம்பளம் வாங்குறேன்னு சொன்னே. ஃபேனு கூடக் கடகடங்குது."

"பஞ்சு இல்லல்ல. அதான் எனக்கு ஏசி."

"பாத்து வச்சுக்க. மொதலாளி மூஞ்சி செரியில்ல."

சாரதாமணி தன் மேசையில் இருந்தார். ஒருமுறை எழுந்து குப்பைக் கூடையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். உத்திரம் எவ்வளவு சுமையில் முறியும் என்பதற்கான கணக்கு. முப்பத்தாறாம் பக்கத்தில் தொடங்கிய கணக்கின் விடை இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. அதை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்து மறுபடியும் கூடையில் போட்டார். மாலை ஐந்தரைக்கு லாரி ஈரோட்டுக்குக் கிளம்பியது.

வெள்ளிக்கிழமை அவரைக் கம்பெனி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

நாச்சிமுத்துவின் அறைச் சுவர் முழுவதும் குழந்தைகளுக்கான சிறு பனியன்கள் சாம்பிளுக்காகத் தொங்கின. காப்பி வந்தது. குடித்து முடித்த பிறகு நாச்சிமுத்து ஆரம்பித்தார்.

"என்ர கம்பெனியில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனாக்கூட, எந்த லைன்ல, ஆரு கையில போச்சுன்னு எழுதி வெச்சிருவமுங்க. எழுதாம உட்டா நாளைக்குப் பத்துப் பீஸ் போகும். திட்டறதுக்கு இல்லீங்க. எழுத்துல இருக்கோணும். அவ்வளவுதான்."

"நாந்தானுங்க ஐயா போடச் சொன்னேன்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நெஞ்சு லேசானதுபோல் இருந்தது.

நாச்சிமுத்து தலையாட்டினார். ஆச்சரியப்படவில்லை. "நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். அந்தப் பொம்பளைக்கு அத்தன யோசனை வராது." காகிதம் ஒன்றையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். "அப்படியே எழுதிக் குடுங்க. எழுதுனா நீங்க போகோணும். வேற ஆளு பாத்துக்கலாம். போன வருசந்தான் உங்க பாப்பாவ நம்ம காலேஜுல சேத்துனோம். பேரு என்னுங்க?"

"யாழினி."

"ஸ்டாப் புள்ளைன்னுதானுங்களே மேனேஜ்மெண்ட் கோட்டாவுல சும்மா குடுத்தோம். இன்னும் மூணு வருசம் கெடக்குது. நீங்க இல்லீன்னா அதைய எப்படிங்க தொடர்றது?" காப்பி டம்ளரை ஓரமாக வைத்தார். "இல்ல, அந்தப் பொம்பளை தெரியாமப் பண்ணிப்போட்டான்னா அதைய எழுதுங்க. அவளுக்கு வேலையும் போகாது. ரைசிங்ல ஆளு பத்தாமத்தான் கெடக்குது. உங்க இஷ்டமுங்க. நாஞ் சொல்லக் கூடாது."

"அவளுக்கு ரைசிங் ஆகாதுங்க ஐயா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்படீங்களா?" என்றார் நாச்சிமுத்து. ஒரு பனியனை எடுத்து மடியில் விரித்துத் தையலைப் பார்க்கத் தொடங்கினார்.

காகிதம் சாரதாமணியின் முன்னால் இருந்தது. பொய் எழுதுவதில்லை என்று அவர் அப்போது முடிவு செய்தார். அது மட்டும் தன்னால் முடியும் என்று தோன்றியது. வெகு நேரம் யோசித்து ஒரே வரி எழுதினார்: 'மேற்கண்ட புத்தகங்களில் முத்திரையிட்டவர் நூலக உதவியாளர் திருமதி நாகஜோதி.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தேதி போட்டு, பதிவேட்டில் போடுவதுபோலவே சுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

நாச்சிமுத்து படித்தார். "போதுமுங்க" என்றார். "வண்டி சொல்லட்டுங்களா? வெயிலு."

"இல்லீங்க. பஸ்ல போயிக்கறேன்."

திங்கட்கிழமை காலை நாகஜோதி நூலகத்துக்கு வந்தாள். வேலைக்கு அல்ல. மேசை இழுப்பறையில் அவளுடைய சீப்பு, தண்ணீர் பாட்டில், ஒரு பழைய சேலைத் துண்டு இருந்தன. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் கம்பெனி வேன் நின்றிருந்தது.

"நான் சொன்னேன் நாகஜோதி. நாந்தான் பண்ணச் சொன்னேன்னு அவர்கிட்டச் சொன்னேன்."

"சொன்னீகளா?"

"சொன்னேன்."

"மேனேஜரு பேப்பரப் படிச்சுக் காட்டுனாரு மேடம். அதுல அப்படி இல்லையே." குரலில் கோபம் இல்லை. சரி பார்க்கிறவள்போல் கேட்டாள். "நாந்தான் குத்துனேன்னு இருந்துச்சு. அதுவும் நெசந்தான. ரெண்டாயிரத்து நானூறும் இந்தக் கைதான்."

சாரதாமணி எழுந்து அருகில் வந்தார். "எனக்குத் தெரிஞ்ச ஸ்கூல் ஒண்ணு இருக்குது, அவிநாசியில. அங்க ஆயா வேலைக்குச் சொல்லி வெக்கறேன். ஒரு மாசம், ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. வாயில துணி கட்டிக்கோ."

"துணி கட்டுனா சூப்பர்வைசர் அவுக்கச் சொல்லுவாரு. பேசுறது கேக்கலையாம்."

"என்னையத் திட்டு நாகஜோதி. நாலு வார்த்தை திட்டிட்டுப் போ."

நாகஜோதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "திட்டுறதுக்கு மூச்சு வேணும் மேடம். இருக்குறத அங்கிட்டுக்கு வச்சுக்கிறேன்."

வேன் இரண்டாவது முறை ஹாரன் அடித்தது. அவள் படியில் ஒரு கணம் நின்று சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். வேனுக்குள் இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சாரதாமணி சன்னலோரம் நிற்கவில்லை. மேசைக்கு வந்து, அன்று காலை தபாலில் வந்திருந்த அதே புத்தகக் கடையின் புதிய விலைப்பட்டியலைப் பிரித்து, அடுத்த கல்வியாண்டுக்கான நோட்டுகளுக்கு ஆர்டர் எழுத ஆரம்பித்தார்.